வேலை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: நெல்லைச் சீமைக்காக

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவைப் பதினாறு ஆண்டுகள் கவனித்து வந்தேன். அந்த அறைக்கு வந்த மாணவர்களும், அவர்களைவிட அதிகக் கவலையோடு வந்த பெற்றோரும் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒரு டஜனுக்குள் அடங்கிவிடும். அவற்றுக்கு நான் வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்துகொண்டு வேலை தேடுபவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படிப்பு முடிந்துவிட்டது. முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதல் வாரத்தில் ஒரு விண்ணப்பமும் அனுப்ப வேண்டாம். எல்லாச் சான்றுகளையும் பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இசக்கிமுத்து, சுடலைமாடன், பேச்சியம்மாள், முப்பிடாதி போன்ற நம் பக்கத்துப் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது, எழுதும் அலுவலகத்துக்கு ஏற்ப ஒவ்வோர் உருவம் எடுக்கின்றன. இசக்கி என்பது ஒரு சான்றில் 'ஐ' எழுத்திலும் இன்னொன்றில் 'ஈ' எழுத்திலும் தொடங்கும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னால் நிற்கும். ஆதாரில் அதுவே முழுப் பெயராக விரிந்து பின்னால் வந்துவிடும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படுவதால், இந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் பணியில் சேர்ந்தவர் பின்னாளில் தம் சொந்தப் பணத்தை எடுக்க அலைய நேரிடும். பத்தாம் வகுப்புச் சான்றை மூலமாக வைத்துக்கொண்டு, ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை அதற்கு ஒத்துவருமாறு திருத்திக்கொள்வதே எளிய வழி.

அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நிறுவனம், பணி, யார் மூலமாகத் தெரிய வந்தது, என்ன நடந்தது, மறுபடி எப்போது கேட்க வேண்டும் என்று ஆறு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நோட்டைப் பற்றிப் பின்னால் பலமுறை பேச வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் வேலையே இல்லை என்கிறார்களே? சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

"வேலையே இல்லை" என்று சொல்பவரிடம் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக்குள் எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் மதுரைக்குப் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அங்கே டயர் ஆலை இருக்கிறது. டாட்டா பவர் குழுமத்தின் சூரிய மின்கல ஆலை இருக்கிறது, அது பெண்களைப் பெருமளவில் பணிக்கு எடுத்திருக்கிறது. தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலை இயங்கி வருகிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன, மேலும் நான்கு கட்டுமானத்தில் உள்ளன. நிரந்தரப் பணிகள் அகில இந்திய அறிவிப்பின் வழியே வந்தாலும், கட்டுமானத்தை எடுத்துச் செய்யும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு வெல்டர், மின்பணியாளர், தரக் கண்காணிப்பாளர், பாதுகாப்பு அலுவலர், கணக்கர் என்று ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. பணகுடி, முப்பந்தல், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்குப் பராமரிப்புப் பணியாளர் வேண்டும். காற்றுப் பருவம் தொடங்கும் வைகாசிக்கு முன்பே அங்கே விசாரிப்பது நல்லது. தூத்துக்குடியில் துறைமுகமும் அதைச் சார்ந்த சரக்குக் கையாளும் நிறுவனங்களும் உள்ளன. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையும் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மென்பொருள் என்றால் நகரம்தான் என்று நினைப்பவர்கள், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துவதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவை போக, வண்ணார்பேட்டையிலும் பெருமாள்புரத்திலும் இருக்கும் மருத்துவமனைகள், பரிசோதனை நிலையங்கள், பட்டயக் கணக்காளர் அலுவலகங்கள், வாகன விற்பனை நிலையங்கள் ஆகியவை பெரும்பாலும் விளம்பரமே செய்வதில்லை. இருக்கும் ஊழியரிடம் "தெரிந்த பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்வதோடு அவர்களுடைய ஆள் தேடல் முடிந்துவிடும். ஆகவே இணையத்தில் காணவில்லை என்பதற்காக வேலை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சென்னையா உள்ளூரா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். சென்னையில் கைக்கு 20,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டோடு விடுதிக்கு 8,000, உள்ளூர்ப் பயணத்துக்கு 1,500, ஊருக்கு வந்து போகவும் இதர செலவுக்கும் 2,500 போனால் மிஞ்சுவது 8,000. கங்கைகொண்டானில் நிறுவனப் பேருந்தில் போய் வந்து 14,000 வாங்குபவர், வீட்டுக்கு 4,000 கொடுத்துவிட்டும் 10,000 மிச்சம் பிடிக்க முடியும். ஆயினும் இந்தக் கணக்கு முதல் ஆண்டுக்கு மட்டுமே உரியது. மென்பொருள், பெரிய தணிக்கை நிறுவனம், ஊடகம் போன்ற துறைகளில் இரண்டாவது வேலையும் மூன்றாவது வேலையும் நகரத்தில்தான் பிறக்கின்றன என்பதால், அத்துறைகளில் போகிறவரை நான் தடுத்ததில்லை. பட்டயப் படிப்பு, தொழிற்பயிற்சி, செவிலியம், ஆய்வகப் பயிற்சி முடித்தவர்கள் முதலில் ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் தேடிவிட்டுப் பிறகு ரயிலேறலாம் என்பது என் கருத்து.

பயோடேட்டா எப்படி இருக்க வேண்டும்?

ஒரே பக்கம். புதிதாகப் படித்து வந்தவருக்கு இரண்டாம் பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்காது. இருந்தால் அது இட்டு நிரப்பியதாக இருக்கும்.

முகப்பில் குறிக்கோள் என்று எழுதப்படும் அந்த இரண்டு வரிகளை எடுத்துவிடுங்கள். ஒரு வகுப்பில் அறுபது பேர் கொடுத்த பயோடேட்டாவில் ஐம்பத்திரண்டில் ஒரே குறிக்கோள், ஒரே எழுத்துப் பிழையோடு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தகப்பனார் தொழில், மதம், உடன்பிறந்தோர் எண்ணிக்கை ஆகியவையும் தேவையில்லை, அது ஜாதகம் அன்று. அந்த இடத்தில் நீங்கள் செய்த காரியத்தை எழுதுங்கள். செய்த காரியம் எதுவுமில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் கால் மணி நேரம் பேசினால், அப்பாவின் பலசரக்குக் கடையில் மூன்று ஆண்டுகள் மாலை நேரக் கணக்கைப் பார்த்தது வெளிவரும். அம்மா சுற்றும் பீடிக்கு இலையும் தூளும் வாங்கி வந்து, கட்டுக்கணக்கை எழுதி வாராவாரம் கூலியைச் சரிபார்த்தது வெளிவரும். ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு நூற்றைம்பது வீடுகளில் வரி பிரித்து வரவு செலவு ஒப்படைத்தது வெளிவரும். "கணக்குப் பராமரிப்பில் ஆர்வம் உண்டு" என்று எழுதுவதைக் காட்டிலும், "150 குடும்பங்களின் வசூலுக்குப் பற்றுச்சீட்டு எழுதி, வரவு செலவுக் கணக்கைக் கூட்டத்தில் சமர்ப்பித்தேன்" என்று எழுதுவது எவ்வளவோ மேல். கணக்கர் வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்த வரியில் நின்று ஒரு கேள்வி கேட்பார். நேர்காணல் உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கும்.

தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று எழுதக் கூடாது. டேலியில் பதிவு போடத் தெரியும், ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யத் தெரியாது என்றால், அப்படியே பிரித்து எழுதுங்கள். கோப்பை பிடிஎஃப் வடிவில் உங்கள் பெயரும் பணியின் பெயரும் தெரியுமாறு சேமியுங்கள். பள்ளிப் பருவத்தில் நடிகர் பெயரைச் சேர்த்துத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை விண்ணப்பம் அனுப்ப வேண்டும்?

இரண்டு அல்லது மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பணி அறிவிப்பைப் படித்து, அதில் கேட்கப்பட்டதற்கேற்ப பயோடேட்டாவின் வரிசையை மாற்றி அனுப்ப வேண்டும். கைப்பேசியில் விரலைத் தட்டி ஒரே இரவில் நூறு இடங்களுக்கு அனுப்பியவர், மறுவாரம் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால், "எந்த கம்பெனி சார்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது.

தெரிந்தவர் இல்லாமல் வேலை கிடைக்காது என்பது உண்மையா?

பாதி உண்மை. தெரிந்தவர் மூலமாகச் செய்தி வருகிறது. வேலை வருவது அபூர்வம். ஆகவே தெரிந்தவரிடம் வேலையைக் கேட்காமல் செய்தியைக் கேட்க வேண்டும். "எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்றால் கேட்கப்படுபவர் தம்மால் முடியாததை ஒப்புக்கொள்ள வேண்டிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டு, "பார்ப்போம்" என்று சொல்லி நழுவிவிடுவார். "உங்கள் நிறுவனத்தில் என்னைப் போன்றவர்களை எந்த மாதத்தில் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள்?" என்றால் பத்து நிமிடம் ஆசையாகப் பேசுவார்.

இதற்கு நம் பக்கத்தில் இருக்கும் வசதி வேறெங்கும் எளிதில் அமையாது. சித்திரையிலும் ஆடியிலும் ஊர்க் கோயில் கொடைக்குச் சென்னை, கோவை, மும்பை என்று போனவர்கள் எல்லாம் மூன்று நாட்கள் ஊரில் இருக்கிறார்கள். கிறிஸ்தவ ஊர்களில் அசனப் பண்டிகையும் கிறிஸ்துமஸும், முஸ்லிம் ஊர்களில் பெருநாளும் அவ்வாறே. கொடைக் கமிட்டியின் வரி நோட்டில் வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரும், பெரும்பாலும் கைப்பேசி எண்ணும் இருக்கும். எந்தக் கல்லூரியின் பழைய மாணவர் பட்டியலும் அந்த நோட்டுக்கு ஈடாகாது. வில்லுப்பாட்டு நடக்கும்போது போய் மொய்க்க வேண்டாம். மறுநாள் காலையில், அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். பயோடேட்டாவைக் கையில் திணிக்காதீர்கள், அவர் கேட்டால் அனுப்புங்கள்.

நேரில் பார்க்க முடியாதவருக்கு அனுப்பும் செய்தி இவ்வளவு போதும்: "வணக்கம் அண்ணாச்சி. நான் கீழத்தெரு பலசரக்குக் கடைக்காரர் மகன். இந்த ஆண்டு பி.காம். முடித்திருக்கிறேன், டேலியில் பழக்கம் உண்டு. தங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்குப் புதியவர்களை எடுக்கும் முறையைப் பற்றித் தங்களிடம் பத்து நிமிடம் கேட்க விரும்புகிறேன். தங்களுக்கு ஓய்வான நேரத்தைச் சொன்னால் அழைக்கிறேன்." பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். மூன்றாம் முறை வேண்டாம்.

பெரிய நிறுவனங்களில் ஊழியரின் பரிந்துரைக்கு முறைப்படியே இடமுண்டு. பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களும் உள்ளன. ஆகவே அதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் பெயரால் உள்ளே போனவர் மூன்றே மாதத்தில் சொல்லாமல் நின்றுவிட்டால், அடுத்து அந்த ஊரிலிருந்து போகும் பிள்ளைக்குக் கதவு அடைபடும். இதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதால் இன்னும் பயன் உண்டா?

உண்டு, ஆனால் பதிவு செய்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. பதிவை இணையவழியிலேயே செய்யலாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்பதே இப்போது அதன் முழுப் பெயர். அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் உண்டு. தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள். தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்திலும் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் வேலை அமையாதவருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால், அரசின் உதவித்தொகை மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது பொருந்தாது. தொகை சிறியதுதான், இருந்தாலும் தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் ஆகும்.

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே தனியார் வேலை தேடலாமா?

தேடலாம் என்று மட்டுமல்ல, தேட வேண்டும் என்றே சொல்வேன். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் ஒரே நாற்காலியில் ஐந்தாண்டுகள் உட்கார்ந்திருந்து, வயது முப்பதைத் தொட்ட பிறகு முதல் தனியார் நேர்காணலுக்குப் போகிறவரின் நிலை கடினமானது, அறிவு இருந்தும், "இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவரிடம் தாளில் எழுதிய பதில் இல்லை. முழுநேரப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டு என்று வீட்டாரோடு பேசி எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பகுதிநேரமாகவேனும் ஒரு வேலையில் இருந்துகொண்டு படியுங்கள்.

படிப்பவர்கள் அறிய வேண்டிய சில: டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டணம், ஐந்து ஆண்டுகள் செல்லும். நான்காம் தொகுதித் தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழுக்குரியவை, அதில் நாற்பது விழுக்காடு பெறாதவரின் மீதித் தாள் திருத்தப்படுவதில்லை. தமிழ் வழியில் படித்தவருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்குப் பள்ளி முதலே தமிழ் வழியில் படித்ததற்கான சான்று தேவைப்படுவதால், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் இப்போதே வாங்கி வையுங்கள். தலைமையாசிரியர் மாறி, பதிவேடு எங்கே என்று தேடும் நிலை வந்த பிறகு போகாதீர்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. நேர்காணலில் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியும், வாயைத் திறந்த பழக்கம்தான் இல்லை. பத்து ஆண்டுகள் புத்தகத்தில் படித்ததை ஒரு நாளும் உரக்கச் சொல்லாதவர், நேர்காணல் அறையில் முதன்முறையாகச் சொல்ல முயன்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி எங்கும் வரும். அதற்கான பதிலை முதலில் தமிழில் ஒன்றரை நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே அது தடுமாறினால் குறை மொழியில் இல்லை, சொல்ல வேண்டியது இன்னும் மனத்தில் வரிசைப்படவில்லை என்று பொருள். வரிசைப்பட்ட பிறகு, சிறு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதி, இருபது நாள் உரக்கச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள்.

நாம் வேகமாகப் பேசுகிறவர்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர் தமிழில் பேசும் வேகத்திலேயே ஆங்கிலத்தையும் பேசினால் எதிரே இருப்பவருக்குப் புரியாது. வேகத்தைப் பாதியாக்கினாலே பிழைகள் குறைவதைக் கவனித்திருக்கிறேன். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, அதற்கு அடுத்ததாகத் தெரிந்ததைச் சொல்லலாம். ஆலை, ஆய்வகம், மருத்துவமனைப் பணிகளுக்கான உள்ளூர் நேர்காணல்கள் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கின்றன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நேர்காணலுக்குச் சென்னைக்குப் போவதில் கவனிக்க வேண்டியது என்ன?

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் இறங்கி, நேராக நேர்காணலுக்குப் போகும் திட்டம் தாளில் நன்றாக இருக்கும். வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால் எல்லாம் குலையும். 2023 செப்டம்பர் முதல் ஓடும் வந்தே பாரத், காலையில் புறப்பட்டு மதியத்துக்கு மேல்தான் எழும்பூர் சேர்கிறது என்பதால் மறுநாள் நேர்காணலுக்கே உதவும். பேருந்தில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கிய பிறகு அம்பத்தூருக்கோ பழைய மகாபலிபுரம் சாலைக்கோ போக மேலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள். பயணத்துக்கு முன், முதல் சுற்றைக் காணொலி வழியாக நடத்த முடியுமா என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். இப்போது பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. காணொலி நேர்காணலுக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் அதுவா என்று முதல் நாளே செய்தித்தாளில் பார்த்துக்கொள்வது நல்லது.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது?

கேட்பதற்கு முன், சொல்லப்படும் தொகையும் கைக்கு வரும் தொகையும் வேறு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மாத மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படையில் 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய், பிடிக்கப்படும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, அதற்கு மொத்தத்தில் 0.75 விழுக்காடான 135 ரூபாய் பிடிக்கப்படும். கைக்கு 16,425 வரும். முதலாளி தம் பங்காக வைப்பு நிதிக்கு 1,440, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடான 585 ரூபாய் கட்டுவார். இவற்றையும் சேர்த்து மாதம் 20,025, ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் என்று நியமன ஆணையில் எழுதுவார்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்து வீட்டில் இருபதாயிரம் என்று சொல்லிவிட்டு, முதல் மாதம் விழிப்பவர்கள் ஏராளம். உள்ளாட்சி அமைப்புக்கான தொழில் வரியும் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படும்.

இந்தப் பிடித்தங்களைக் கண்டு வருந்த வேண்டாம். பிடித்தமே இல்லாமல் 17,000 கையில் தருகிறேன் என்பவரைவிட, வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் கட்டி 16,425 தருபவர் மேல் என்பது என் திடமான எண்ணம். தொகையைச் சொல்லும்போது அதே வேலையில் இருக்கும் இருவரிடம் முன்பே விசாரித்து வைத்திருந்தால் குரல் நடுங்காது.

வேலைக்கு முன்பணம் கேட்கிறார்கள், அசல் சான்றுகளையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பணம் கொடுக்கக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்வைப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் ஒன்றே. அரசு வேலையோ அணுமின் நிலைய வேலையோ வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் கொடுத்தவர்கள், வேலையையும் பணத்தையும் இழந்ததோடு, லஞ்சம் கொடுத்ததை எப்படிச் சொல்வது என்று புகாரும் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்தே காணொலிக்கு விருப்பக்குறி போட்டால் பணம் என்று டெலிகிராமில் தொடங்குவது இன்னொரு வகை. முதல் இரண்டு நாள் நூறு இருநூறு உண்மையாகவே வரும், மூன்றாம் நாள் பெரிய தொகை கட்டச் சொல்வார்கள். என் மாணவர் ஒருவர் இப்படி 40,000 ரூபாய் இழந்தார். அது அவருடைய அக்காவின் நகையை அடகு வைத்த பணம். பணம் போனது தெரிந்த உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்தால், அது கை மாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் வரை யோசித்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

அசல் சான்றுகளைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் எந்தெந்தச் சான்று, எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள். ஒரு நிறுவனத்திடமிருந்து ஒரு பெண்ணின் பட்டச் சான்றை மீட்க நான் பதினான்கு மாதங்கள் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால், எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு தொகை என்ற இரண்டையும் படித்துவிட்டு, நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா?

கடையநல்லூரிலும் ஏர்வாடியிலும் மேலப்பாளையத்திலும் வளைகுடாவை அறியாத வீடு குறைவு. ஆகவே போகலாமா என்பதைவிட எப்படிப் போவது என்பதையே சொல்கிறேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டப்படி, உரிமம் பெறாத முகவர் ஆள் எடுக்கக் கூடாது; உரிமம் செல்லுபடியாகிறதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் ஆள் எடுத்து அனுப்பி வருகிறது.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போய், எல்லை கடத்தி மியான்மரில் இணைய மோசடி முகாம்களில் அடைத்தது 2022 முதல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அரியர் இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

அறிவிப்பில் தடை இல்லையென்றால் விண்ணப்பிக்கலாம். மறைக்காதீர்கள்.

திருமணம், குழந்தைகள் என்று ஏழு ஆண்டுகள் இடைவெளி. இனி யார் வேலை தருவார்கள்?

இடைவெளியை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். விளக்கம் நீள நீளச் சந்தேகம் வளரும். பழைய துறையில் கடந்த ஏழு ஆண்டுகளில் என்ன மாறியது என்பதை அறிவதே முதல் வேலை. இடைவெளி இன்னும் நீண்டு, 2017 ஜூலைக்கு முன்பே கணக்குப் பிரிவை விட்டவருக்கு ஜிஎஸ்டி முற்றிலும் புதியது. மூன்று மாதம் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்குப் போய்ப் பழகிக்கொண்டால் அதன் பிறகு வழி திறக்கும். ஆலை வேலை என்றால் ஷிப்ட் நேரம், நிறுவனப் பேருந்து உங்கள் ஊர் விலக்குவரை வருமா என்ற இரண்டையும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். சென்னைக்குப் போகும் பெண்களுக்குத் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அரசின் தோழி விடுதிகள் உள்ளன.

ஆறு மாதம் ஆகிவிட்டது. ஒன்றும் அமையவில்லை. எங்கே தவறு?

நோட்டை எடுங்கள். அறுபது விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பும் இல்லையென்றால், பயோடேட்டாவோ தேர்ந்தெடுக்கும் பணிகளோ தவறு. பேச்சைக் குறை சொல்ல வேண்டாம். அழைப்பு வருகிறது, முதல் சுற்றோடு நிற்கிறது என்றால், பேச்சிலும் பயிற்சியிலும் குறை. கடைசிச் சுற்று வரை போய் நிற்கிறது என்றால் சம்பளமோ சேரும் தேதியோ இடிக்கிறது, அல்லது உங்களைவிட அனுபவம் உள்ள ஒருவர் வந்திருக்கிறார். எந்த வரி எங்கே முடிகிறது என்று தெரியாமல், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதால் பலனில்லை.

இதற்கிடையே வெறுமனே இருக்க வேண்டாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழிற்பழகுநர் பயிற்சி என்று ஒன்று உண்டு. தொழிற்பயிற்சி முடித்தவர், பட்டயதாரர், பட்டதாரி எல்லோருக்கும் இடமிருக்கிறது, உதவித்தொகையும் தருவார்கள். பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. அது நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் பயோடேட்டாவில் ஓராண்டு எழுத முடியும், ஆலைக்குள் யார் எப்போது ஆள் கேட்கிறார் என்பது காதில் விழும்.

வீட்டாருக்கு ஒரு சொல். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "பையன் என்ன செய்யுதான்?" என்று கேட்கும்போது நீங்கள் தலையைக் குனிந்தால், பையன் அடுத்த கொடைக்கு ஊர்ப்பக்கம் வர மாட்டான், மேலே சொன்ன வரி நோட்டும் திண்ணைப் பேச்சும் அவனுக்கு இல்லாமல் போகும். "தேடிக்கொண்டிருக்கிறான், உங்களுக்குத் தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. சேரும் முன் என்ன செய்ய வேண்டும்?

நியமன ஆணை கையில் வராமல் மற்ற நேர்காணல்களை ரத்து செய்யாதீர்கள். வந்ததும், பதவி, இடம், சம்பளப் பிரிவுகள், தகுதிகாண் காலம், விலகல் அறிவிப்புக் காலம் ஆகியவற்றைப் படியுங்கள். முன்பு எங்காவது வேலை பார்த்திருந்தால், பழைய வைப்பு நிதிப் பொது எண்ணையே (யு.ஏ.என்.) கொடுங்கள், புதிதாக ஒன்று தொடங்க விடாதீர்கள். வைப்பு நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் வாரிசு நியமனத்தை முதல் மாதமே முடியுங்கள். பிறகு அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, நான்காம் கட்டத்தில் எழுதிய பெயர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராக அழைத்து, எங்கே சேர்ந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் சொன்ன இடத்தில் வேலை அமையாமல் வேறிடத்தில் அமைந்திருந்தாலும் சொல்லுங்கள். நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த ஆண்டு படிப்பை முடிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டு வருவான்.